கண்டக்டரின் குச்சி விழுந்த இடங்கள்

நாய்க்கு இப்போது வயதாகிவிட்டது. மூக்கைச் சுற்றி வெளுத்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, கீழே எதையோ வைத்துவிட்டு வந்ததுபோல் திரும்பிப் பார்க்கிறது. அது நின்றால் பின்னால் வரும் கண்டக்டரும் நின்றுவிடுவார்.

"ரெண்டு பெரிய மனுஷங்களும் படியில நின்னு என்ன மீட்டிங் நடத்தறீங்க?" என்று மேலேயிருந்து மனைவியின் குரல் வரும்.

அந்த மாதிரி நேரங்களில் கண்டக்டருக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு வருஷம்தான். இதே நாய் படியை மதிக்காமல் தாவித் திரிந்த வருஷம். அவர் மறுபடியும் பேசப் பழகிய வருஷம்.

வேலையில் இருந்த காலத்தில் அவர் குரலுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. பதினேழாம் நம்பர் வண்டி பாலத்தில் இறங்கும்போதே கடைசி ஸ்டாப்பிங்கில் நிற்பவர்களுக்கு கண்டக்டரின் சத்தம் கேட்டுவிடும் என்று டிரைவர் சொல்வார். டிரைவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இரண்டு பேரும் ஒரே வண்டியில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள். முன்னால் அவர், பின்னால் இவர், நடுவில் ஜனம். முகம் பார்த்துப் பேசியதைவிட விசிலில் பேசிக்கொண்டதுதான் அதிகம். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. கண்டக்டர் கோபமாக இருக்கிறாரா, பசியாக இருக்கிறாரா என்பதைக்கூட விசிலை வைத்தே கண்டுபிடித்துவிடுவதாக டிரைவர் சொல்லிக்கொள்வார்.

ரிட்டயர் ஆன பிறகு டிரைவர், வண்டியின் கடைசி ஸ்டாப்பிங் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டார். கண்டக்டர் வாரம் ஒரு நாள் அதே பதினேழில் ஏறிப் போவார். டெர்மினஸ் கேன்டீன் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வண்டியை எடுக்கும் விதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய சந்தோஷம் இருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் கண்டக்டருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை தொங்கிப்போயிருந்தது. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது. வாயின் ஒரு ஓரம் இறங்கிவிட்டதால் வார்த்தைகள் ஈரத்துணி மாதிரி கனத்து விழுந்தன. இடது கையில் குச்சி பிடித்து நடந்துவிட்டார், அதில் குறையில்லை. ஆனால் குனிந்தால் தலை சுற்றும். குச்சி கீழே விழுந்தால் அவ்வளவுதான், யாராவது எடுத்துத் தரும்வரை நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

ஒரு நாள் தண்ணீர்த்தொட்டி ஸ்டாப்பிங்கில் அப்படித்தான் நின்றார். குச்சி கைநழுவி உருண்டு போய்விட்டது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் போனவரிடம் அதை எடுத்துத் தரச்சொல்லிக் கேட்டார். அந்த ஆளுக்குப் புரியவில்லை. இன்னொருத்தர் வந்தார், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் கத்தி வீடு எங்கே என்று விசாரித்தார். நாலு பேர் கூடினார்கள். "காலங்காத்தாலயே ஊத்திட்டாரு போல" என்று ஒரு பெண் மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னதுதான் கண்டக்டருக்கு நன்றாகக் கேட்டது. அந்த ஸ்டாப்பிங்கில் ஆயிரக்கணக்கான தடவை படியில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றியவர் அவர்.

அதோடு வெளியே போவது நின்றது. டிரைவர் போன் செய்தால், தூங்குகிறேன் என்று சொல்லச்சொல்லி மனைவிக்குக் கையால் ஜாடை காட்டுவார்.

"எத்தனை நாளைக்குத் தூங்குவீங்க? அவர் என்ன நினைப்பார், வீட்டுல மனுஷன் இருக்காரா, மலைப்பாம்பு இருக்கான்னு?" என்பாள் அவள். குழறுகிற குரலில் டிரைவரிடம் பேசுவதைவிட மலைப்பாம்பாக இருப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கூடையில் வரும் போர்வைகளைப் பிரித்து, துவைக்கப் போட்டு, காயவைத்து, மடித்து, வார்டுவாரியாக அடுக்கி அனுப்புகிற வேலை. அங்கே ஒரு நோயாளியைப் பார்க்கச் சக்கர நாற்காலியில் வந்தவர் கூடவே ஒரு நாயும் வந்ததாம். சக்கர நாற்காலியிலிருந்து அவர் கீழே தவறவிட்டதையெல்லாம் அது பொறுக்கிக் கொடுத்ததாம். அவள் அதை மடித்த போர்வையைப்போல மனதில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து அவள் தம்பி, முனையில் சலூன் வைத்திருப்பவன், ஒரு பழுப்பு நிறக் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"என்ன மாப்ள இது?" என்றார் கண்டக்டர். அவர் பேச்சு வீட்டு ஆட்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

"உங்களுக்கு அசிஸ்டென்ட், மாமா. சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும்."

எப்போதும் காலடியிலேயே சிதறிக்கிடந்ததால் குட்டிக்குச் சில்லறை என்று பேர் விழுந்தது.

குட்டி வளர்ந்ததும் மனைவி அதைப் பழக்க ஆரம்பித்தாள், முதலில் விளையாட்டிலிருந்து. கண்டக்டரின் பழைய தோல்பை பீரோ மேலே கிடந்தது. வியர்வையும் காசும் ஊறிக் கறுத்த பை. அதை நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டு "தேடு" என்பாள். பிறகு கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால். நாய்க்கு அந்த வாசனை பைத்தியமாகப் பிடித்துப்போனது. அது பையைக் கவ்விக்கொண்டு வந்ததும் பிரிட்ஜ் மேலே இருக்கும் டப்பாவிலிருந்து ஒரு துண்டு பிஸ்கட் கொடுப்பாள். பிறகு ஒரு நாள் கத்தரிக்கோலை எடுத்து, பையின் வாரில் தொங்கிய உபரி நுனியைப் பிடித்தாள்.

"இதை வெட்டிக் குச்சியில சுத்தப்போறேன். நாய்க்குப் பல்லு வழுக்காது, வாசனையும் பழகினதாயிருக்கும்."

கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உயிரோட இருக்கற ஆளுக்குத்தான் குச்சி வேணும். பைக்கு வாரு இனிமே எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள். ஆனால் வெட்டும் முன் அவர் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் சில்லறை கெட்டிக்காரன். குச்சி எந்த மூலையில் விழுந்தாலும் கொண்டுவரும். சந்தோஷமாக வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் குச்சி விழுந்தது. நாய் அதைப் பார்த்தது, இவர்களைப் பார்த்தது, உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது. குச்சி என்ற பொருளையே பிறந்ததிலிருந்து கண்டதில்லை என்பதுபோல்.

"உன் பாடமெல்லாம் வாசப்படி தாண்டலையேக்கா" என்றான் தம்பி.

"அதுக்கு வாசல் புது ஸ்கூல்டா. புது ஸ்கூல்ல உன்னை நேரா மேல் வகுப்புலயா சேர்த்தாங்க? ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்துதான் வரணும்."

அதுவே அவள் விதியாயிற்று. எந்தப் புது இடத்துக்குப் போனாலும் முதலில் மோந்து பார்க்க விட வேண்டும். பிறகு காலடியிலேயே சின்னதாக ஒன்றைப் போட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு எட்டுத் தள்ளி. பிறகு மறைத்து. கடைசியில்தான் குச்சி. எவ்வளவு தெரிந்திருந்தாலும் இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

சலூன் வாசலில் ஆரம்பித்தபோது சில்லறை குச்சியை விட்டுவிட்டு, முகத்தில் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த ஒருவர் மடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு வந்தது. "மாமா, உங்க அசிஸ்டென்ட் என் கஸ்டமரைத் தொறந்து போட்டுட்டான்" என்று தம்பி உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். சலவைக்கூடத்தின் பின்பக்கம், காயப்போட்ட வெள்ளைப் போர்வைகளின் வரிசைக்குள் நாய் காணாமல் போய்விடும். கொடிக்குக் கீழே அதன் நாலு கால் மட்டும் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். கண்டக்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி மட்டும் திரும்பவில்லை. போர்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஸ்டாப்பிங்குகள். அவளுக்கு லீவு கிடைக்கும் நாட்களில் தம்பியின் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலுமாக, பதினேழாம் நம்பர் வழியில் ஒவ்வொரு ஸ்டாப்பிங்காகப் போனார்கள். தியேட்டர் ஸ்டாப்பிங்கில் தியேட்டரே இல்லை, கார் நிறுத்துகிற மைதானம்தான் இருந்தது. ஆனால் பேர் போகவில்லை. அந்தக் காலத்தில் கடைசிக்காட்சி விட்டு வருகிற கூட்டம் படத்தின் சண்டையை வண்டிக்குள்ளேயே நடித்துக் காட்டிக்கொண்டு வரும். மரக்கடை ஸ்டாப்பிங்கில் இன்னும் அதே அறுத்த மரத்தின் வாசனை. தபாலாபீஸ் ஸ்டாப்பிங்கில் தினமும் ஏறி, ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கிவிடும் ஒரு கிழவர் இருந்தார். கண்டக்டர் இதையெல்லாம் மனைவியிடம் துண்டு துண்டாகச் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் குச்சி விழுந்தது. நாய் தேடியது, கவ்வியது, கொண்டுவந்தது. அவள் பிஸ்கட் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு காலை, அவள் வீட்டில் இருக்க, கண்டக்டர் தனியாக நாயோடு தண்ணீர்த்தொட்டி ஸ்டாப்பிங்குக்குப் போனார். அதே ஸ்டாப்பிங். கம்பத்தில் சாய்ந்துகொண்டு, வேண்டுமென்றே குச்சியைக் கீழே விட்டார். சில்லறை உடனே பாய்ந்து, தோல் சுற்றிய இடத்தில் கச்சிதமாகக் கவ்வியது. அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு குச்சியோடு தெருமுனை திரும்பி வீட்டைப் பார்த்து ஓடியே போய்விட்டது.

கண்டக்டர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பதினேழு வந்து நின்று போனது. இன்னொன்றும் வந்தது. ஏறச்சொல்லிக் கையசைத்தார்கள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் மனைவியின் தம்பிதான் கையில் குச்சியோடு வந்தான், பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு சில்லறை.

"மாமா, உங்க குச்சி பத்திரமா வீடு வந்து சேர்ந்துடுச்சு. நீங்கதான் இன்னும் வரல."

வீட்டில் அவர் குச்சியை மூலையில் சாத்திவிட்டுக் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மனைவி வெகுநேரம் அடுப்படியில் பாத்திரத்தை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அது தப்பே பண்ணல, தெரியுமா. எடுத்துச்சு, கொண்டுவந்துச்சு. எங்கிட்ட கொண்டுவந்துச்சு. எடுன்னு சொன்னது நான், பிஸ்கட் குடுத்தது நான். நீங்க பக்கத்துல ஒரு தூண் மாதிரி நின்னீங்க. தூணுக்கு யாராவது குச்சி கொண்டுவந்து குடுப்பாங்களா?"

அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"இனிமே நான் வாயைத் தொறக்க மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு... வராது."

"எனக்குப் புரியுதுல்ல, இப்ப சொன்னது? அதுக்கும் புரியும். அது என்ன தமிழ் வாத்தியாரா, திருத்தறதுக்கு? தினம் ஒரே மாதிரி சொன்னாப் போதும்."

மறுநாள் அவள் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து, எல்லாவற்றையும் அந்தப் பழைய தோல்பையில் கொட்டி, வார் மிச்சமிருந்த அளவுக்கு அவர் தோளில் மாட்டிவிட்டாள். காசு கிடந்த பையில் பிஸ்கட் கிடந்தது. கண்டக்டரின் இடது கை பழக்கத்தில் தானாகப் பைக்குள் போய்த் துழாவியது.

"ம். கரெக்டா குடுங்க. பாக்கி அப்புறம் தர்றேன்னு அதுகிட்ட சொல்ல முடியாது."

மறுபடி ஹாலிலிருந்து ஆரம்பித்தார்கள். "எடு" என்றார் கண்டக்டர். வார்த்தை வாயிலிருந்து வழிந்து கீழே போனது. நாய் அவளைப் பார்த்தது. அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "எடு." நாய் அவரைப் பார்த்தது. யோசித்தது. நாள் பூராவும் சொல்லியிருப்பார். பொழுது சாய்கிற நேரத்தில் குச்சியின் தோல் சுற்றிய பாகம் அவர் இடது உள்ளங்கையில் ஈரமாக வந்து முட்டியது.

அப்புறம் வாசல். சலூன். போர்வைகள். ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக மறுபடியும். இந்தத் தடவை அவள் தூரத்தில் நின்றாள், பிறகு கண்ணுக்குத் தெரியாமல் நின்றாள், பிறகு வரவே இல்லை. தெருவில் வாய் திறப்பது முதலில் அவருக்குக் கூசியது. ஆனால் ஒரே வார்த்தையைத் தினமும் நடுத்தெருவில் சொல்லும்போது அதன் கூச்சம் எங்கோ தேய்ந்து போய்விடுகிறது. கூடவே "நல்ல பையன்" வந்தது. "இங்க வா, எங்க பராக்குப் பாக்கற" வந்தது. மரக்கடைக்காரரிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்ததை அவர் வீட்டில் சொல்லவில்லை. மரக்கடைக்காரரே சலூனில் சொல்லி, அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவராகவே சட்டை மாற்றிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, "டிரைவர் அண்ணனுக்குப் போன் பண்ணி வரேன்னு சொல்லு" என்றார்.

"நீங்களே சொல்லுங்களேன்."

"நேர்ல போய்ப் பேசிக்கறேன்." அது மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. டிரைவர் தன் குரலைக் கேட்கப்போவது. போன் அவளே செய்தாள்.

பதினேழில் ஏறினார். கடைசி சீட், கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில். வண்டியில் டிக்கெட் கொடுத்தது ஒரு பெண். அவர் பையைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், "சார் நம்ம டிபார்ட்மென்டா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு ஸ்டாப்பிங்காகப் பின்னால் போனது, எல்லாவற்றிலும் சில்லறை பாஸான ஸ்டாப்பிங்குகள். வண்டி பாலத்தில் ஏறி இறங்கியது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

டெர்மினஸ் வளைவில் ஸ்டியரிங்கில் இருந்த பையன் வண்டியை ஒரு ஒடி ஒடித்துப் பிரேக் போட்டான். கண்டக்டரின் குச்சி கை நழுவி, சீட்டுகளுக்கு அடியில் உருண்டு, முன்னால் எங்கோ போய் இடித்து நின்றது. ஜனம் இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணும் நேரம் குறிக்க அலுவலகத்துக்குப் போய்விட்டாள். காலி வண்டியில் அவரும் நாயும்.

"எடு" என்றார்.

சில்லறை சீட்டுக்கு அடியில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் அதிர்ந்தது, தரை அதிர்ந்தது, டீசல் நாற்றம் எல்லா வாசனையையும் மூடியிருந்தது. அப்போதுதான் கண்டக்டருக்கு உறைத்தது. எல்லா ஸ்டாப்பிங்கிலும் பழக்கினார்கள். வண்டிக்குள் ஒருமுறைகூடப் பழக்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. வீட்டைவிட அதிக நேரம் அவர் இருந்த இடம் அது. பதினேழாம் நம்பர் வண்டி யாருக்காவது புது இடமாக இருக்க முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அதற்குள் அடுத்த நடைக்கான கூட்டம் இரண்டு படியிலும் கால் வைத்துவிட்டது. மூட்டையோடு ஒருவர் உள்ளே தலையை நீட்டினார். எல்லோரும் ஏறிவிட்டால் நாய் மிரண்டு ஓடிவிடும். மறுபடி அதே கதை. யாராவது குச்சியை எடுத்துக்கொடுப்பார்கள், கத்திப் பேசுவார்கள், கைத்தாங்கலாக இறக்கிவிடுவார்கள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் அதைப் பார்ப்பார்.

கண்டக்டர் வாயைத் திறந்தார்.

"இறங்கவிட்டு ஏறுங்க."

வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் வந்தன. ஆனால் அந்த ராகம் முழுசாக இருந்தது. வேலைநாள் ஒவ்வொன்றிலும் வண்டி நின்ற இடமெல்லாம் சொன்ன ராகம். மூட்டைக்காரர் ஏன் எதற்கு என்று கேட்காமல் காலைக் கீழே எடுத்துவிட்டார். மற்றவர்களும் நின்றார்கள். இடித்துக்கொண்டு வந்த ஒருவரை, "அதான் சொல்றாருல்ல" என்று ஒரு அம்மாள் தடுத்தாள்.

கண்டக்டர் அவசரப்படவில்லை. நாய் அவர் செருப்பை மோந்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் காலடியில் போட்டார். "எடு." கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கைக்குட்டை மடிக்கு வந்தது. பையில் கைவிட்டுப் பிஸ்கட் கொடுத்தார். கைக்குட்டையை ஒரு சீட் தள்ளிப் போட்டார். வந்தது. ஒண்ணாங்கிளாஸ், இரண்டாங்கிளாஸ். வாசலில் கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் இருந்த பையன் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.

"இப்ப தேடு" என்றார் கண்டக்டர்.

நாயின் மூக்கு தரையில் பதிந்தது. சீட்டுகளுக்கு அடியில் வால் மட்டும் தெரிந்தது. பிறகு முன்பக்கம் போய் அதுவும் தெரியவில்லை. கம்பியில் குச்சி இடிக்கும் சத்தம் கேட்டது. நடுவழியில் நின்ற நாய், வாயில் குறுக்காகக் குச்சியோடு, திறந்திருந்த வாசலைப் பார்த்தது. வெளியே வீட்டுக்குப் போகும் ரோடு. சில்லறை தலையைச் சாய்த்து, குச்சி சீட்டுகளில் மாட்டாதபடி திருப்பிக்கொண்டு, அவரிடம் வந்தது.

கீழே இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. படிக்குப் பக்கத்தில், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு டிரைவர் நின்றிருந்தார். மெலிந்திருந்தார்.

"வண்டி லேட்டு" என்றார் டிரைவர்.

"வண்டி கரெக்ட் டயம், அண்ணே. நான்தான் லேட்டு." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

டிரைவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குனிந்து நாயின் தலையைத் தட்டினார். "உன் சத்தம்தான் கேட்டுச்சே. அதான் டீ சொல்லிட்டு எழுந்து வந்தேன்."

"எங்கேர்ந்து கேட்டுச்சு?"

"பாலத்துல இறங்கும்போதே."

டிரைவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இருவரும் பெஞ்சைப் பார்த்து நடந்தார்கள். குச்சி ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம்.